பூசணிக்காய் உடைப்பதற்குள் பர்சேஸ் ஆர்டர்

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் வடக்குப்பட்டு, ஒரகடம், வல்லம் பக்கம் எந்தத் தொழிற்கூடத்தை எட்டிப்பார்த்தாலும் காட்சி ஒன்றுதான். பிரஸ் மெஷினுக்கு வாழைக்கன்று, ஃபோர்க்லிஃப்டுக்குச் சாமந்தி மாலை, லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சை. ஸ்டோர்ஸ் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் திரையோரத்தில் சந்தனமும் குங்குமமும் உண்டு. அந்தக் கம்ப்யூட்டருக்குள் 'ஷெட்யூல் ஃபைனல்', 'ஷெட்யூல் ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்' என்று மூன்று எக்ஸெல் ஷீட் இருக்கும். மூன்றிலும் எண்கள் வேறு வேறு. எது சரி என்று சரஸ்வதியே வந்தாலும் சொல்வது சிரமம்.

இந்த அத்தியாயம் அந்த மூன்று ஷீட்டை ஒன்றாக்குவதைப் பற்றியது. சப்ளை செயின் பிளானிங்கை நவீனப்படுத்துவது என்றதும் மென்பொருள், ஏஐ, லட்சக்கணக்கில் லைசென்ஸ் கட்டணம் என்று மனசு ஓடுகிறது. பெரிய கார் கம்பெனிகளுக்குப் பாகம் செய்துகொடுக்கும் சின்ன வெண்டருக்கு அதெல்லாம் கடைசியில் வர வேண்டிய செலவு. முதலில் செய்ய வேண்டியது லீவு நாட்களை ஒழுங்காக எழுதிவைப்பது. இதற்குப் பணம் வேண்டாம், ஒரு சனிக்கிழமை மதியம் போதும். ஆனால் நான் பார்த்த மட்டில், இதைச் செய்துவைத்திருக்கும் கம்பெனிகள் குறைவு. செய்யாமலே மென்பொருள் வாங்கிய கம்பெனிகள் நிறைய.

லீவு வாரத்தில்தான் ஒரு திட்டத்தின் யோக்கியதை தெரியும். சாதாரண வாரத்தில் ஷெட்யூல் தப்பாக இருந்தாலும் ஃபோன் போட்டு, சண்டை போட்டு, ஆட்டோவில் இரண்டு பெட்டி பாகம் வரவழைத்துச் சமாளித்துவிடலாம். பூஜை லீவில் ஃபோனை எடுக்க ஆள் இல்லை.

திட்டத்தைக் கற்றுக்கொள்ள வெளிநாடு போக வேண்டியதில்லை, வெண்பூசணி போடும் விவசாயியைப் பார்த்தால் போதும். ஆயுத பூஜைக்குச் சென்னை கோயம்பேட்டில் சிறப்புச் சந்தை போடுவார்கள். பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணி என்று குவியும். திருஷ்டிக்கு உடைக்கிற பூசணி கொடியில் முற்ற ஏறக்குறைய நான்கு மாதம் ஆகிறது. பூஜை முடிந்த மறுநாள் வந்த காய்க்கு மதிப்பு கிடையாது. ஆகவே விவசாயி பூஜைத் தேதியில் இருந்து பின்னோக்கி எண்ணி, ஜூன் வாக்கில் விதை ஊன்றுகிறார். வேண்டிய தேதியில் இருந்து லீட் டைமைக் கழித்தால் ஆர்டர் போட வேண்டிய தேதி. 1960-களில் ஜோசப் ஆர்லிக்கி அமெரிக்காவின் ஜே.ஐ. கேஸ் டிராக்டர் கம்பெனியில் கம்ப்யூட்டரை வைத்துச் செய்துகாட்டிய எம்ஆர்பி (பொருள் தேவைத் திட்டமிடல்) முறையின் உயிர்நாடியும் இந்தக் கழித்தல்தான். ஈஆர்பி மென்பொருள்கள் இன்றைக்கும் உள்ளே அதைத்தான் செய்கின்றன.

வடக்குப்பட்டுக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் பெருமை உண்டு. 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை இந்த ஊரில் அகழாய்வு செய்தபோது, முக்கால் மீட்டர் ஆழத்தில் கற்கருவிகள் கிடைத்தன. சுமார் 12,000 ஆண்டுக்கு முன்பு கருவி செய்த பட்டறை இங்கே இருந்திருக்கிறது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். சிப்காட் வருவதற்கு வெகுகாலம் முன்பே இது தொழிற்பேட்டை! அதே அகழாய்வில் ரோமானிய ஆம்போரா ஜாடிகளின் ஓடுகளும் வந்தன. ரோமானியர் காலத்துக் கப்பல்கள் ஜூலை வாக்கில் எகிப்தின் செங்கடல் துறைமுகங்களை விட்டுக் கிளம்பி, தென்மேற்குப் பருவக்காற்றில் இந்தியா வந்து, காற்று திசை மாறிய பிறகுதான் திரும்பின. ஆர்டரை மறந்தால் அடுத்த வருஷம்தான். இப்போதும் செங்கடல் நம்மை விடவில்லை. 2023 கடைசியில் அங்கே கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு கன்டெய்னர் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவில் இருந்து பாகம் எடுப்பவர்களுக்கு லீட் டைமில் பத்துப் பதினைந்து நாள் கூடிப்போனது. அதை மாஸ்டர் டேட்டாவில் திருத்தினவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சங்கடமாக இருக்கும்.

ஒரு ஊர், ஐந்து நாட்காட்டி

இந்த ஒரகடம்-வல்லம் தொழில் வழித்தடத்தின் விசேஷமே, இங்கே ஒரு நாட்காட்டி போதாது என்பதுதான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கியபோது கூடவே கொரியப் பாகக் கம்பெனிகளும் வந்தன. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. 2012-இல் டெய்ம்லரின் பாரத்பென்ஸ். வல்லம் வடகாலில் யமஹா இருக்கிறது, ராயல் என்ஃபீல்டு இருக்கிறது. பொருள் வரும் வழியைப் பார்த்தால் சியோல், யோகோஹாமா, ஷென்சென், ஸ்டுட்கார்ட், லூதியானா என்று போகும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு பண்டிகை.

2026-இன் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 24 முதல் 26 வரை கொரியாவில் சூசோக் பண்டிகை. அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய விடுமுறை. ஆலை, ஏஜென்ட், துறைமுக ஃபார்வர்டர் எல்லாரும் சுருண்டுவிடுவார்கள். நடுவில் நமக்கு அக்டோபர் 2, வெள்ளி. ஆயுத பூஜை அக்டோபர் 19, திங்கள், விஜயதசமி செவ்வாய். ஞாயிறையும் சேர்த்தால் மூன்று நாள் கதவடைப்பு. நவம்பர் 8 தீபாவளி, ஞாயிற்றுக்கிழமை. நிர்வாகம் 'ஒரு லீவு மிச்சம்' என்று சந்தோஷப்படும். ஷாப் ஃப்ளோரில் பாதிப் பேர் சனிக்கிழமையே ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். ஆக, செப்டம்பர் 20-இல் 'தீபாவளிக்கு ஏழு வாரம் இருக்கே' என்று தோன்றுகிற இடத்தில் முழுசாக வேலை நடக்கும் வாரம் எத்தனை தேறும் என்று விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

சட்டப்படி உள்ளது எளிது. தமிழ்நாட்டுத் தொழில் நிறுவனங்களுக்கான 1958-ஆம் ஆண்டு விடுமுறைச் சட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாளைக் கட்டாயமாக்கி, மேலும் ஐந்து நாளைத் தரச் சொல்கிறது. வம்பு அந்த ஐந்தில் இருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி அது மாறும். உங்கள் கஸ்டமர் விஜயதசமிக்கு லைன் ஓட்டுவார், உங்கள் பிளேட்டிங் வெண்டர் மூடியிருப்பார், நடுவில் நீங்கள்.

சட்டப் புத்தகத்தில் இல்லாத லீவுகள் இன்னும் முக்கியம். இந்தப் பகுதிக் கூடங்களில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம் தொழிலாளர்கள் இல்லாமல் ஷிப்ட் ஓடாது. தீபாவளிக்கு அடுத்து ஒரு வாரத்துக்குள் சட் பூஜை வருகிறது. பீகார்க்காரருக்குத் தீபாவளியைவிட அதுதான் பெரிசு. மார்ச்சில் ஹோலி, ஏப்ரலில் பிஹு. போகவர ரயில் பயணமே நான்கைந்து நாள் தின்னும். 'சொல்லாம கொள்ளாம போயிடறாங்க' என்று புலம்பும் மேலாளர்களுக்கு ஒரு யோசனை: ரயில் முன்பதிவு அறுபது நாள் முன்பே திறக்கிறது. டிக்கெட் போட்டாயிற்றா என்று அப்போதே கேட்டுவிடுங்கள், கேட்டால் சொல்வார்கள். அந்தப் பட்டியல்தான் நவம்பர் மாத ஆள் கணக்கு. எந்த ஏஐ-யும் இதைவிடத் துல்லியமாகக் கணிக்காது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரே ஷீட்டில் நாட்களை வரிசையாக இறக்கி, கஸ்டமர், நீங்கள், ஒவ்வொரு முக்கிய சப்ளையர், டிரான்ஸ்போர்ட் என்று பத்திகள் போட்டு, வேலை உண்டு என்றால் 1, இல்லை என்றால் 0. ரம்ஜான், பக்ரீத் மாதிரி பிறை பார்த்து முடிவாகும் நாட்களுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் விட்டு வையுங்கள். லீட் டைமை இனி நாட்காட்டி நாட்களில் எண்ணாமல், அந்தந்தப் பத்தியில் இருக்கும் 1-களாக எண்ணுங்கள். ஈஆர்பி இருப்பவர்கள் அதில் ஃபேக்டரி காலண்டர் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிவப்பாக இருந்தால், மென்பொருளைப் போட்டுக்கொடுத்தவர் போன நாளில் இருந்து அதை யாரும் தொடவில்லை என்று அர்த்தம்.

கேட் ரெஜிஸ்டரில் இருக்கும் தங்கம்

'எங்க சப்ளையர் லீட் டைம் ஒன்பது நாள்' என்று பர்சேஸ்காரர் சொல்வார். அது கொட்டேஷனில் உள்ள எண். உண்மையான எண் செக்யூரிட்டியின் கேட் ரெஜிஸ்டரில் இருக்கிறது. போன ஒரு வருஷத்து வரவுகளை எடுத்து, ஆர்டர் தேதிக்கும் கேட்டுக்குள் லாரி வந்த தேதிக்கும் இடையே எத்தனை வேலை நாள் என்று எழுதுங்கள். சராசரி ஒன்பது வந்தாலும் வரலாம். ஆனால் ஒருமுறை ஆறு, இன்னொருமுறை பதின்மூன்று என்று ஊசலாடும். அந்த ஊசலாட்டத்துக்குத்தான் நீங்கள் பணம் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். லூதியானாவில் இருந்து வெல்ட் நட் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 4,000 தேவை. தினசரித் தேவையின் திட்ட விலக்கம் 600. லீட் டைம் ஒன்பது வேலை நாள். நூற்றுக்கு 95 தடவை கையிருப்பு தீராமல் இருக்க 1.65 என்ற எண்ணால் பெருக்குவது வழக்கம். லாரி எப்போதும் சொன்ன நாளில் வந்துவிடும் என்றால், 600-ஐ ஒன்பதின் வர்க்கமூலமான 3-ஆல் பெருக்கி, அதை 1.65-ஆல் பெருக்க, சேஃப்டி ஸ்டாக் 2,970. ஒரு நாள் தேவைகூட இல்லை.

இப்போது லாரியின் வருகையில் இரண்டு நாள் விலக்கம் இருப்பதாகச் சேர்ப்போம். 600-இன் வர்க்கத்தை 9-ஆல் பெருக்கினால் 32,40,000. 4,000-இன் வர்க்கத்தை 2-இன் வர்க்கத்தால் பெருக்கினால் 6,40,00,000. இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 8,200. அதை 1.65-ஆல் பெருக்க, 13,530. நாலரை மடங்கு!

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். வெண்டர்கள் கூடுகிற இடத்தில் எல்லாம் கேட்கிற புலம்பல், 'கஸ்டமர் ஷெட்யூலை மாத்திக்கிட்டே இருக்கான்' என்பதுதான். கணக்கு சொல்வது வேறு. மேலே கூட்டிய இரண்டு எண்களைப் பாருங்கள்: கஸ்டமரின் சலனம் 32 லட்சம், லாரியின் சலனம் 640 லட்சம். லாரியின் விலக்கத்தை இரண்டு நாளில் இருந்து ஒரு நாளாகக் குறைத்தாலே சேஃப்டி ஸ்டாக் ஏறக்குறைய 7,240-க்கு இறங்கிவிடும். அதற்கு வேண்டியதும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. வாரத்தில் குறிப்பிட்ட ஒரே கிழமையில் அனுப்பச் சொல்வது, எல்ஆர் (லாரி ரசீது) நகலை அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வாங்குவது, லாரி நாக்பூர் தாண்டியதா என்று ஒரு ஃபோன்.

லீவு வாரங்களின் வரவுகளை மட்டும் தனி வண்ணத்தில் குறியுங்கள். தீபாவளியை ஒட்டி வடக்கே இருந்து கிளம்பும் லாரியின் விலக்கம் சாதாரண வாரத்தைவிடப் பெரிதாக இருந்தால், அந்த வாரத்துக்கு மட்டும் பஃபரைக் கூட்டுங்கள். வருஷம் பூரா கூட்டிவைத்து ஸ்டோர்ஸில் நடக்க இடமில்லாமல் செய்யாதீர்கள்.

டிரைவர் வீட்டில் தீபாவளி

இ-வே பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. 200 கி.மீ.க்கு ஒரு நாள் என்பது அதன் ஆயுள். லூதியானாவில் இருந்து ஒரகடம் சுமார் 2,500 கி.மீ. என்றால் பதின்மூன்று நாள் கிடைக்கும், தாராளம்தான். ஆனால் டிரைவர் வழியில் சொந்த ஊரில் லாரியை ஓரம்கட்டித் தீபாவளி கொண்டாடிவிட்டு வந்தால் ஆயுள் முடியலாம். முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பும் பின்பும்தான் நீட்டிக்க முடியும். லீவு நாளில் அதை யார் செய்வது, லாகின் யாரிடம் என்று முன்னாலேயே பெயர் எழுதிவையுங்கள்.

பொங்கலுக்கு வேறு தொல்லை. போகிக்கு முந்தைய இரண்டு நாள் சென்னையே தெற்கே நகரும். கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்த பிறகு கோயம்பேட்டு நெரிசல் வண்டலூர் பக்கம் இடம் பெயர்ந்திருக்கிறது. சிங்கப்பெருமாள்கோயில் வழியாக ஜி.எஸ்.டி. சாலையைத் தொடும் லோடுகளை அந்த இரண்டு சாயங்காலமும் அனுப்பவே அனுப்பாதீர்கள். எண்ணூர், காட்டுப்பள்ளி துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னருக்குக் கட்-ஆஃப் நேரத்தை ஒரு நாள் முன்தள்ளிக்கொள்வது மலிவு.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையை லீவாக யாரும் எழுதுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இந்தப் பகுதிக் கார் ஆலைகளே நின்றன; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். நாட்காட்டிப் பத்தியில் அக்டோபர் நடுவில் இருந்து டிசம்பர் நடு வரை ஓரிரண்டு 'மழை 0'-களை நீங்களே போட்டுவையுங்கள். எந்தத் தேதியில் என்று தெரியாது; எங்காவது வரும்.

எல்லாரும் பத்து பத்தாகக் கூட்டினால்

பண்டிகை சீசனுக்கு டீலர்கள் பத்து சதவீதம் கூடுதலாகக் கேட்கிறார்கள். கார் கம்பெனி ஷெட்யூலை 110 ஆக்குகிறது. முதல் அடுக்கு வெண்டர் 'லைன் நின்றால் பெனால்டி' என்ற பயத்தில் 120 கேட்கிறார். அடுத்தவர் லீவில் ஆள் வராது என்று 135. கம்பி உருட்டும் ஆலைக்குப் போகும்போது அது 150. ஜனவரியில் யாருடைய கோடவுனைத் திறந்தாலும் நட்டும் போல்ட்டும் பொங்கி வழியும். இதற்குச் சாட்டை விளைவு என்று பெயர். புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி தன் டயப்பர் ஆர்டர்களை ஆராய்ந்தபோது பிரபலமான பெயர் இது. குழந்தைகள் என்னவோ எல்லா மாதமும் ஒரே அளவில்தான் நனைத்திருக்கின்றன. கம்பெனி மூலப்பொருளுக்குப் போட்ட ஆர்டர்தான் தாண்டவம் ஆடியிருக்கிறது.

மருந்து, பயத்தையும் தேவையையும் தனித்தனியாக எழுதுவது. சப்ளையருக்கு அனுப்பும் ஷெட்யூலில் 'கஸ்டமர் கேட்டது' ஒரு வரி, 'லீவுக்காக நான் சேர்த்தது' இன்னொரு வரி. இரண்டாவது வரிக்கு, எந்த வாரம் திரும்பக் கழித்துக்கொள்ளப்படும் என்ற தேதியும் வேண்டும். சப்ளையரிடம் இவ்வளவு வெளிப்படையாக இருந்தால் விலையை ஏற்றிவிடுவார் என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அந்தப் பயம் புரிகிறது, ஆனால் ஜனவரி கோடவுனுக்குக் கட்டும் வட்டி அதைவிடப் பெரிசு.

போன வருஷத்து விற்பனையைப் பார்த்து இந்த வருஷத்தைக் கணிப்பதில் நம்மூருக்கென்று சில சுழிகள் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் தமிழ்நாட்டில் வண்டி எடுக்கத் தயங்குவார்கள்; வடக்கே பித்ரு பட்சத்தில். கேரளத்தில் ஓணத்துக்குக் குவியும். தமிழ் மாதத்தையும் ஷீட்டில் ஒரு பத்தியாகச் சேர்த்தால் ஃபோர்காஸ்ட் உடனே புத்திசாலியாகிவிடும். ஆனால் எந்தப் பத்தியும் உதவாத வருஷங்களும் வரும். 2025 ஆகஸ்ட் 15 அன்று ஜிஎஸ்டி குறையப்போகிறது என்று பிரதமர் சொன்னதும், வாங்க நினைத்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். செப்டம்பர் 22, நவராத்திரி முதல் நாள், சின்னக் கார்களுக்கும் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கும் வரி 28-இல் இருந்து 18 சதவீதமாக இறங்கியது. தேங்கிய கூட்டம் மொத்தமும் பண்டிகைக் கூட்டத்தோடு சேர்ந்து ஷோரூமுக்குள் நுழைந்தது. 350-க்கு மேற்பட்ட பைக்குகளுக்கு வரி 40 ஆனது. ஒரே பைக் கம்பெனிக்கு இரண்டு மாடலுக்கும் பாகம் செய்பவருக்கு ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். இப்படிப்பட்ட மாதங்களை வரலாற்றுக் கணக்கில் வைத்துக்கொண்டு அடுத்த வருஷத்தைக் கணிக்காதீர்கள். பக்கத்தில் காரணத்தை எழுதி, கணக்கில் இருந்து ஒதுக்கிவிடுங்கள்.

லீவு முடிந்து திறக்கும் நாளையும் முழு நாளாக எண்ணக் கூடாது. மெஷின் சூடேற, முதல் துண்டைச் சோதித்து ஒப்புதல் வாங்க, வராத ஆபரேட்டருக்கு மாற்று ஆள் தேட முதல் ஷிப்ட் போய்விடும். நாட்காட்டியில் அந்த நாளுக்கு 1 போடாமல் 0.6 போடுங்கள்; மூன்று பண்டிகைக்குப் பிறகு உங்கள் கூடத்தின் உண்மையான எண் தெரிந்துவிடும், அதை மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவும் ஒரு வருஷம் ஓடிய பிறகு மென்பொருள் வாங்குங்கள். டெமோ காட்ட வருபவர் வண்ண வண்ண டாஷ்போர்டோடு வருவார். பார்த்து ரசியுங்கள். பிறகு, அக்டோபர் 19, 20-ஐ உங்கள் லீவாகவும், 1 முதல் 7 வரை சீன சப்ளையரின் லீவாகவும் அவர் கையாலேயே போடச் சொல்லுங்கள். ஆர்டர் போட வேண்டிய தேதி தானாக முன்னுக்கு நகர்கிறதா என்று திரையைப் பாருங்கள். நகர்ந்தால் விலை பேசலாம். 'சார், அதை கஸ்டமைசேஷன்ல பண்ணித் தர்றோம்' என்றால், டீ வாங்கிக்கொடுத்து, ஒரு பாக்கெட் பொரிகடலையோடு அனுப்பிவையுங்கள்.